இடக்காதும் ஒரு முழம் ரப்பர் குழாயும்

என் மனைவியைப் பற்றிப் பெருமை பேசினால் பெண்டாட்டிதாசன் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இருபத்திரண்டு வருடமாக அவள் கார் ஷெட் நடத்துகிறாள். அதே ஷெட்டின் மூலையில் சீட்டுக்கு உறை தைப்பது என் பிழைப்பு. ஓடுகிற எஞ்சின் முன்னால் கண்ணை மூடி நின்று, "மூணாவது பிளக்கைக் கழட்டுங்க" என்பாள். கோளாறு அதில்தான் இருக்கும். பாம்புக்காது என்று ஊரே பட்டப்பெயர் வைத்தது சும்மாவா?

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. போகும்போது வலக்காதையும் கூடவே கொண்டுபோனது. இன்னொன்று இருக்கிறதே என்று ஆறுதல் சொன்னேன்.

"சத்தம் கேக்குதுங்க. எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னுதான் தெரியல," என்றாள்.

மூன்று மாதம் ஷெட் பூட்டியே கிடந்தது.

திறந்ததும் முதலில் வந்தது மருந்துக்கடைக்காரரின் கார். அவர் அப்பா வாங்கியது, வண்டிக்கு நாற்பத்தைந்து வயது. பிரேக் வேலைக்கு விட்டார். அவள் அரை நாளில் முடித்துவிட்டாள். எனக்கோ சுத்தம் ஒரு வியாதி. சும்மா இராமல் எஞ்சினைத் துடைத்துப் பளபளவென்று வைத்தேன். மறுநாள் ஸ்டார்ட் செய்தால் வண்டிக்குக் குளிர்ஜுரம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒழுங்காக ஓடுகிறது, காலை எடுத்தால் உதறி உதறி அணையப் பார்க்கிறது.

மருந்துக்கடைக்காரர் பார்த்தார். "பிரேக்குக்குத்தானேம்மா விட்டேன்? பரவால்ல, உனக்கு உடம்பு சரியில்லன்னு தெரியும். அஞ்சு மணிக்கு வேற ஷெட்டுக்கு இழுத்துட்டுப் போயிடறேன்."

இரக்கப்பட்டுத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் போனதும் அவள் சொன்னாள்: "இந்த வண்டி கைய விட்டுப் போச்சுன்னா நான் ஷெட்டை மூடிடறேங்க." விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எங்கேயோ வெளிக்காற்று உள்ளே போகிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற வேக்கம் குழாய்களை ஒவ்வொன்றாகக் குறட்டால் நசுக்கினாள். ஓட்டைக் குழாய் அகப்பட்டால் நடுக்கம் மாறும். ஐந்தையும் நசுக்கியாயிற்று, மாறவில்லை. உஸ்ஸென்ற சத்தம் மட்டும் நாலு பக்கமிருந்தும் கேட்கிறது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். மணி நாலைத் தாண்டியிருந்தது.

பிறகு எழுந்தாள். ஒரு முழம் ரப்பர் குழாய் வெட்டி, ஒரு முனையை இடக்காதில் வைத்து, மறுமுனையை எஞ்சின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். கார்பரேட்டருக்கு அடியில், பின்பக்கம், விரல் நீளத்துக்கு ஒரு துண்டுக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே கை நின்றது. கட்டை விரலால் அதன் வாயை அடைத்தாள். உதறல் அடங்கி எஞ்சின் சீராக ஓடியது.

"இதுல ஒரு ஸ்க்ரூ சொருகி அடைச்சிருக்காங்க. உள்ள தடம் இருக்கு. எங்க போச்சு?"

துருப்பிடித்த குப்பை என்று துடைக்கும்போது பிடுங்கியது நான்தான். எதையும் எறிய மனம் வராத ஜென்மம், அதனால் பொத்தான் டப்பாவில் போட்டிருந்தேன். அசடு வழியக் கொண்டுவந்து நீட்டினேன். வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம் என்பதுபோல் ஒரு முறைப்பு முறைத்தாள்.

ஐந்து மணிக்கு மருந்துக்கடைக்காரர் கயிறோடு வந்தபோது காரின் எஞ்சின் யாரும் மிதிக்காமலே ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் மேல் நான் வைத்த டீ டம்ளர் அசையவில்லை.

"காது சரியாயிடுச்சாம்மா?"

"இல்லீங்க. வண்டியக் கெடுத்ததும் எங்க ஷெட்டுதான்," என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"நான்தாங்க," என்றேன்.

அவர் என்னைத் திட்டவா, அவளைப் பாராட்டவா என்று புரியாமல் அவளுடைய இடப்பக்கம் நின்று ஏதோ ஆரம்பித்தார். அவள் காதில் வைத்த குழாயை எடுக்கவே இல்லை.

"வலப்பக்கமா வந்து நின்னு பேசுங்க. இந்தக் காது வண்டிக்கு."

அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வலப்பக்கம் போனார். நானும் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.