அஞ்சலைக்கு வீடு தராத தொழில்நுட்பம்

அஞ்சலையின் குடிசையைக் கடல் கொண்டுபோனது. அவளுக்கு வரவேண்டிய வீட்டைக் கெடுத்தவர் ரகுநாதன். அவர் அப்போது எங்கள் கம்பெனியின் டெக்னாலஜி டைரக்டர். நான் அவருக்குக் கீழே புரோகிராமர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இனி யாருக்கும் பயந்து பேச வேண்டியதில்லை.

1. பிடிக்க ஒரு சட்டை

2005ஆம் வருடம். சுனாமியில் வீடு இழந்த மரக்காணம் கரை ஆட்களுக்கு ஓர் அறக்கட்டளை வீடு கட்டித்தர முன்வந்தது. பதிவு வெப்சைட் வழியாக மட்டும். போலி ஆட்கள் நுழையக் கூடாது என்று ஒரு விதி வைத்தார்கள். ஆள் நேரில் வந்து, அந்த ஊர் மையத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படம் எடுத்தால்தான் பதிவு முடியும். வெப்சைட் செய்யும் வேலை எங்களுக்கு வந்தது. வேலைவாய்ப்பு, திருமணம் என்று பெரிய சைட்டுகள் நடத்திய சென்னைக் கம்பெனி நாங்கள்.

நான் பி.எச்.பி. என்கிற இலவச கம்ப்யூட்டர் மொழியில் மாதிரி சைட் ஒன்று செய்து காட்டினேன். ஒரே சர்வர். ஒவ்வொரு பக்கமும் முடிந்தவுடன் டேட்டாபேஸில் ஏறிவிடும். லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எனக்குச் சொந்த ஊர் மரக்காணத்துக்குப் பக்கத்து அனுமந்தை. அந்தப் பக்கத்து டெலிபோன் லட்சணம் எனக்குத் தெரியும். உப்புக் காற்றில் ஜாயின்ட் பெட்டிக்குள் ஒயரெல்லாம் பச்சையாகப் பூத்துக் கிடக்கும்.

ரகுநாதன் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா கலா, இது இலவசம். நாளைக்கு விழுந்தா நான் யார் சட்டையப் பிடிக்கிறது? லைசென்ஸ் வாங்கினா, பிடிக்க ஒரு சட்டையாவது இருக்கும்."

"விழாது சார்."

"சரி, நீ வேலைய விட்டுட்டுப் போயிட்டா? ஜாவான்னா கிண்டி ஸ்டேஷன்ல நின்னு கை தட்டினா பத்துப் பேர் வருவான். இன்னொரு கலாவுக்கு நான் எங்க போறது?"

மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள். ஜாவா மொழியில், லைசென்ஸ் வாங்கிய சாப்ட்வேரை வைத்து, நான்கு சர்வர்களில் செய்வது என்று முடிவானது. இளையவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய கம்பெனிகள் டெக்னாலஜி தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இப்படித்தான். எது வேகம், எது நல்லது என்கிற பேச்சு அப்புறம் வரும். விழுந்தால் பழி போட ஆள் உண்டா, போன ஆளுக்கு மாற்று கிடைக்குமா என்பதுதான் முதலில் பார்ப்பது. அவை முட்டாள்தனமான கேள்விகள் என்று சொல்லமாட்டேன். ஜாவா மேலும் எனக்குக் கோபம் கிடையாது. அதனால் அன்று வாயை மூடிக்கொண்டேன்.

அவருக்கு மூன்றாவது காரணம் ஒன்று இருந்தது. அதை மீட்டிங்கில் சொல்லவில்லை.

2. ஆளைத் தெரியாத சர்வர்

மரக்காணம் மையம் என்பது முஸ்தபா பாயின் டெலிபோன் பூத். அங்கே ஒரே கம்ப்யூட்டர், டெலிபோன் லைனில் டயல் செய்துதான் இன்டர்நெட். அந்தப் பக்கத்துக்காரி என்பதால் என்னை அங்கே உட்கார வைத்தார்கள்.

அஞ்சலை உப்பளக் கூலி. விடிவதற்கு முன் பாத்தியில் இறங்கி உப்பு வாருவாள். வெயில் ஏறியதும் எல்லா உப்பளத்து ஆட்களும் ஒரே நேரத்தில் கரையேறி, கால்கூடக் கழுவாமல் நேராகப் பூத்துக்கு வருவார்கள். வரிசை ரோடு வரைக்கும் நிற்கும்.

அஞ்சலையின் முறை வந்தது. பெயர், குடும்பம், இடம் என்று பக்கம் பக்கமாகப் போட்டேன். கடைசிப் பக்கத்தில் படம் ஏறும்போது லைன் போய்விட்டது. மறுபடி டயல் செய்தேன். முதல் பக்கம் வந்து நின்றது.

காரணம் இதுதான். லைன் அறுந்து மறுபடி சேரும்போது கம்ப்யூட்டருக்குப் இன்டர்நெட்டில் அதன் முகவரியான ஐ.பி. எண் புதிதாகக் கிடைக்கும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஆட்களை நான்கு சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும்படி ரகுநாதன் வைத்திருந்தார். அஞ்சலை சொன்னதெல்லாம் பழைய சர்வரின் மெமரியில் கிடக்கும். புது சர்வருக்கு அவள் யாரென்றே தெரியாது.

"இன்னா பாய், உன் பொட்டிக்கு என்னைக் கண்டா ஆவலியா?" என்றாள்.

"படம் புடிச்சா அதுக்கு வெக்கம் வந்துடுது அஞ்சல."

"வெக்கம் வந்தா ஊட்டுக்குள்ள போய் ஒளிஞ்சிக்கச் சொல்லு. எனக்குத்தான் ஊடே இல்ல."

பாய் அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை.

லைன் தாங்கிய சிலருக்குப் பதிவு முடிந்தது. அஞ்சலைக்கு முடியவில்லை. அறுந்தவர்கள் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். ஒருநாள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, வரிசை சேரும் முன்பே வந்து நின்றாள். அன்றும் அறுந்தது. அவள் பாத்தியில் மேஸ்திரி வேறு ஆளை இறக்கிவிட்டான்.

3. ஒரே ஒரு டேபிள்

பூத்திலிருந்து ரகுநாதனுக்குப் போன் செய்தேன்.

"சார், ஆளுங்க சொல்ற விவரத்த, அந்த செஷன, மெமரில வைக்காம டேட்டாபேஸ்ல வைங்க. ஒரு டேபிள் போதும்."

"வெச்சா ஸ்பீடு குறையும் கலா."

"குறையட்டும் சார். இங்க ஒரு பொம்பள தெனமும் முதல் பக்கத்துக்கே திரும்பி வர்றா."

"லைன் நம்ம பொறுப்பு இல்ல. இங்க ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணியாச்சு. பறக்குது."

"ஆபீஸ்ல யாருக்கும் குடிசை போகல சார்."

பிறகு மூன்றாவது காரணம் வெளியே வந்தது.

"இந்த மாசம், நமக்கு லைசென்ஸ் வித்த வெண்டாருக்கு ஸ்பீடு ரிப்போர்ட் போகணும். நாலு சர்வர் லைவ்ல ஓடறதக் காட்டினாத்தான் நம்மள பார்ட்னர்னு ஏத்துக்குவான். அப்பத்தான் வெளிநாட்டு புராஜெக்ட் வரும். ரிப்போர்ட் போனதும் மாத்திக்கலாம்மா."

ரிப்போர்ட் போனது. அதற்குள் பதிவை மூடிவிட்டார்கள்.

அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு அறக்கட்டளை ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சைட்ல பதிவு நம்பர் விழுந்திருக்கணுங்க. விழலன்னா அவங்க வரவே இல்லன்னுதான் அர்த்தம்."

"நான் வந்தேன்னு சொல்லும்மா. நீதான பக்கத்துல குந்தினு இருந்த," என்றாள் அஞ்சலை.

சொன்னேன். எழுத்திலும் கொடுத்தேன். சைட்டில் இல்லை என்றார்கள்.

அடுத்த வருடம் வரிசையாக வீடுகள் எழும்பின. அஞ்சலை வேறொரு உப்பளத்து மோட்டார் கொட்டகையில் பிள்ளைகளோடு இருந்தாள். கூரை ஒழுகியது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலையும் இருக்காது. எங்கள் கம்பெனிக்குப் பார்ட்னர் அந்தஸ்து கிடைத்து, ஆபீஸில் கேக் வெட்டினார்கள். நான் சாப்பிடவில்லை என்று ரகுநாதன் கோபித்துக்கொண்டார்.

4. விழாத சைட்

ரகுநாதன் இப்போது கல்லூரி கல்லூரியாகப் போய், பெரிய நிறுவனங்கள் டெக்னாலஜி தேர்ந்தெடுப்பது எப்படி என்று பேசுகிறார். ஒரு கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். மரக்காணம் சைட்டை உதாரணம் காட்டினார். "ஒரு நிமிஷம்கூட விழல," என்றார். மாணவர்கள் கை தட்டினார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. சர்வர் விழவில்லைதான். அறுந்து போனவர்களின் கணக்கு அந்த சர்வரில் ஏறவே இல்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் ஒன்றை மட்டும் கேட்டுப் பழகுங்கள். இதை யாருடைய லைனில் டெஸ்ட் செய்தீர்கள்? பதில் ஆபீஸ் லைன் என்றால், கையெழுத்துப் போடாதீர்கள்.

ரகுநாதன் சார், எனக்குத் தனியாகப் போன் செய்து சமாதானம் சொல்ல வேண்டாம். அடுத்த மேடையில் அதே சைட்டைக் காட்டுங்கள். ஒரு டேபிள் ஏன் போடவில்லை என்று மைக்கில் சொல்லுங்கள். அஞ்சலை அந்தப் பூத்துக்கு வந்தாளா, வரவில்லையா? அத்தனை பேர் முன்னால் பதில் சொல்லுங்கள்.