தமிழ் நீளமான பாஷை

ஒன்பது வயதில் எனக்கு ஒரு வேலை இருந்தது. அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர். அப்பாவுக்கு டெல்லிக்கு மாற்றலாகி, தென்காசியிலிருந்து லோதி ரோடு அரசுக் குடியிருப்புக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆறே மாதத்தில் எனக்கு ஹிந்தி வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை. காய்கறிக்காரர், கேஸ்காரர், எதிர்வீட்டு ஆன்ட்டி எல்லோரும் என் வழியாகத்தான் அம்மாவிடம் பேசினார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் துவைத்த துணி இரண்டு நாள் வாளியிலேயே கிடந்து நாறியது. சாம்பாரில் உப்பு இல்லை, மறுநாளும் இல்லை. பள்ளியிலிருந்து வந்தால் ஜன்னல் திரை காலையில் இருந்தபடியே மூடியிருக்கும். அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அப்பா இரண்டு வாரம் கவனித்துவிட்டு, "குளிரு ஒத்துக்கல போலிருக்கு. டிஸ்பென்சரில போய்க் காட்டு. பிள்ளையக் கூட்டிட்டுப் போ" என்றார்.

டிஸ்பென்சரியில் டாக்டர் அறைக் கதவு சாத்தப்படுவதே இல்லை. வரிசை மேஜை வரைக்கும் வந்து நிற்கும். எங்களுக்கு நேர் பின்னால் என் வகுப்புத் தோழியின் அம்மா நின்றார். டாக்டரம்மா என்ன தொந்தரவு என்று கேட்டார். நான் கேட்டுச் சொன்னேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு பேசினாள்.

"ஒறக்கமே இல்ல. காலைல எந்திரிக்கணும்னு நெனைச்சாலே நெஞ்சு அடைக்கி. பேச்சுக்கு ஒரு ஆளு இல்ல. இவ அப்பா ஏழு மணிக்கு வந்து நியூஸ் பாக்காவ. இவளும் வீட்டுல எதக் கேட்டாலும் இந்தியிலதான் பதில் சொல்லுதா. நான் இருந்தா என்ன, இல்லாட்டா என்னன்னு தோணுது. சொல்லுட்டி."

ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. அதற்கெல்லாம் ஹிந்தியும் தெரியும். நான் டாக்டரிடம், "கம்ஜோரி இருக்கிறது, தூக்கம் வரவில்லை" என்று மட்டும் ஹிந்தியில் சொன்னேன். கம்ஜோரி என்றால் பலவீனம்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பஸ்? அவ்வளவுதானா? உன் அம்மா இவ்வளவு நேரம் பேசினாள், நீ ரெண்டே வார்த்தை சொல்றே?"

"தமிழ் நீளமான பாஷை" என்றேன்.

வரிசை முழுக்கச் சிரித்தது. தோழியின் அம்மா என் கன்னத்தைக் கிள்ளினார். டாக்டரும் சிரித்துக்கொண்டே சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார். எல்லோரும் சிரித்ததால் அம்மாவும் சிரித்தாள்.

அம்மா ஒரு மாதம் அதை வேளை தவறாமல் விழுங்கினாள். துணி வாளியிலேயே கிடந்தது.

மாத்திரை தீர்ந்ததும் மறுபடி போனோம். இந்த முறை ஊசி போடும் அறை வாசலில் காத்திருந்தபோது, அம்மா எனக்குச் சரியாகக் கேட்காத குரலில் தமிழில் ஏதோ முனகினாள். மலையாள நர்ஸ் ஒருவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"எந்தா மோளே? தமிழா? எனக்குத் தமிழ் அறியும். உள்ளே வா."

நானும் எழுந்தேன்.

"நீ வேண்டா. நீ இவிடே இரி."

அந்தக் கட்டடத்தில் கதவு சாத்திய அறை அது ஒன்றுதான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அம்மா முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். நர்ஸ் அவள் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போய்த் தானே பேசினார். டாக்டர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார்.

அதன்பின் பதினைந்து நாளுக்கு ஒரு வியாழக்கிழமை அப்பா அம்மாவை பஸ்ஸில் அழைத்துப் போனார். ஆபீஸில் பல் வலி என்று சொல்லித் தாமத அனுமதி வாங்கினார். அந்த வருடம் அவர் ஆபீஸிலேயே அதிகமாகப் பல் வைத்தியம் பார்த்துக்கொண்டவர் அவர்தான். வீட்டில் நியூஸை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் பேச வேண்டும் என்று அங்கே சொன்னார்களாம்; முதலில் அதையும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் செய்தார். கோடை வருவதற்குள் கொடியில் துணி காய்ந்தது. வேலை போன கோபத்தில் நான் ஒரு வாரம் வீட்டில் ஹிந்தியை விடவில்லை. பிறகு விட்டேன்.

இப்போது அம்மா டெல்லியிலேயே, துவாரகாவில் என்னோடு இருக்கிறாள். காய்கறிக்காரரிடம் அவளே ஹிந்தியில் சண்டை போடுகிறாள். போன மாதம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது, அன்று டாக்டரிடம் நான் விட்டுவிட்டதை ஒருவழியாகச் சொன்னேன்.

அம்மா தலை நிமிரவில்லை. "தெரியும்ட்டி. கம்ஜோரி தெரியாதா எனக்கு? எதிர்வீட்டுக்காரி தெனமும் அதத்தான சொல்லுவா."

"அப்ப ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"பின்னால ஒன் சிநேகிதி அம்மா நின்னாங்கல்லா. ஒன் பள்ளிக்கூடத்துக்கே தெரிஞ்சிருக்கும்."

அவள் அடுத்த பட்டாணியை எடுத்தாள். அந்த ஒரு மாதம் முழுக்க, உதவாது என்று தெரிந்த சிவப்பு மாத்திரையை என் முன்னால் வைத்துத் தினமும் அவள் விழுங்கியதைப் பார்த்திருக்கிறேன். மருந்து சாப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.