முழங்கையைத் தாங்கும் கை

கொச்சியில், கொச்சங்காடியில் என் தங்கை கணவர் காதரின் பலசரக்குக் கடையில் நான் பொட்டலத்தை நீட்டினால், வாங்குபவர்கள் பொட்டலத்தைப் பார்க்கமாட்டார்கள், என் கையைப் பார்ப்பார்கள். வலது கை நீளும்போதே இடது கை தானாகப் போய் முழங்கையைத் தாங்கிக்கொள்ளும். ரங்கூனில் எதையும் அப்படிக் கொடுப்பதுதான் மரியாதை; அங்கே துணிக்கடையில் நின்று பழகிய கை. ஒரு நாள் ஒரு மலையாளி, “சேட்டா, கைக்கு எந்து பற்றி? வாதமாணோ?” என்று கேட்டார். கைக்கு ஒன்றும் ஆகவில்லை, இது பர்மா மரியாதை என்று விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போனவர், மறுநாள் வாதத்துக்கு ஒரு குப்பி தைலத்தோடு வந்தார். நல்ல மனிதர். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

காதருக்கோ என்னைவிடக் கோபம். “மச்சான், இது ரங்கூன் இல்லே. சீக்குக்காரன் கையால சாமான் வாங்க ஆளு வருமா? அந்தக் கையை அடக்குங்க. இல்லேன்னா வேறே வேலை பாத்துக்குங்க.” அந்த வேலை போனால் எனக்கும் என் மனைவிக்கும் சோறு கிடையாது. அடக்கிக்கொண்டேன்.

அந்தக் கடை எப்படி வந்ததென்று, என்னோடு கப்பலில் திரும்பிய உங்களுக்காவது சொல்ல வேண்டும். வாப்பா தோப்பும்படியில் மீன்கூடை சுமந்தார். ஆனால் என்னைக் கப்பலேற்றியது பசி அல்ல. பசியோடு இருக்க எங்களுக்குத் தெரியும். என் தங்கை சபியாவைப் பெண் கேட்டு வந்த காதர் வீட்டார், ஸ்திரீதனமாக ஒரு கடை வைத்துத் தரச் சொன்னார்கள். அதற்காகத்தான் ரங்கூன் போனேன்; அந்தப் பணத்தில் வைத்துக் கொடுத்ததுதான் இந்தக் கடை. லீவில் வந்தால் எனக்கு வெள்ளை விரிப்பு விரித்தார்கள். பிறகு அங்கே கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. “உன் நாட்டுக்குப் போ” என்றார்கள். துறைமுகத்தில் என் மனைவியின் தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வந்து இறங்கினால், என் நாடு எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்கிறது!

இப்போது காதரின் மகன் நசீர் குவைத்துக்குக் கிளம்பிவிட்டான். அவன் தங்கைக்கு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஸ்திரீதனம் கேட்கிறார்கள். தகப்பன் அன்று வாய் கூசாமல் கேட்டு வாங்கியதற்கு இன்று மகன் கடல் தாண்ட வேண்டும். இதை அநியாயம் என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. அவனை வழியனுப்ப அரிசிப் பத்திரியும் இறைச்சியுமாக விருந்து வைத்தார்கள்.

“மாமா மாதிரி வெறுங்கையோட வந்து நிக்காதே, கேட்டியா?” என்றார் காதர் மகனிடம், அத்தனை பேர் முன்னால். சபியா தலை குனிந்துகொண்டாள்.

“நான் வெறுங்கையோட வரலே, மாப்பிள்ளை. என் சம்பாத்தியத்து மேலேதான் நீங்க தினமும் உக்காந்து யாவாரம் பண்றீங்க” என்றேன்.

“நாளையிலேர்ந்து கடைக்கு வர வேண்டாம்” என்றார்.

மட்டாஞ்சேரி ஜெட்டியில் நசீரின் பெட்டியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். முழங்கையைத் தாங்கித்தான் கொடுத்தேன். “மாமா, குவைத்துல எப்படிக் கொடுப்பாங்க?” என்று கேட்டான். “தெரியாது. போய்ப் பழகிக்கோ. திரும்பி வந்தா இங்கே சிரிப்பாங்க, சிரிக்கட்டும்” என்றேன்.

படகு விலகியது. எல்லோரும் கை வீசினார்கள். நானும் வலது கையை உயர்த்தினேன். இடது கை அதன் முழங்கையை விடாமல் பிடித்திருந்தது.