செய்தது யார் என்று குறிக்கும் வேலை

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். கம்ப்யூட்டருக்கு ஆங்கிலம் புரியவைக்கும் வேலை. திரையில் ஒரு ஆங்கில வாக்கியம் வரும். அதில் நடந்த காரியத்தைச் செய்தது யார், அது யாருக்கு நடந்தது, எதனால், எங்கே, எப்போது என்று அந்தந்தச் சொல்லின் மேல் குறிக்க வேண்டும். எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு உளுந்தூர்பேட்டை ஓட்டலில் பில் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அது ராஜ உத்தியோகம்.

என் மனைவியையும் நான்தான் அங்கே சேர்த்துவிட்டேன். எங்கள் இரண்டு வயதுக் குழந்தை காய்ச்சலில் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கலாம் என்று சொந்தக்காரர்கள் அவள் காதுபடவே பேசினார்கள். எட்டு மாதமும் படுத்தே கிடந்தாள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் தானாகத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்த வேலை போனால் அவளும் போய்விடுவாள் என்று உறுதியாக நம்பினேன்.

ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் குறிப்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆள் பார்த்து, ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ள வேண்டும். தள்ளப்பட்டது குறித்தவர் திரையில் தெரியும், தள்ளியது யார் என்று தெரியாது. அந்த மூன்றாவது ஆள் நான். அதை யாரிடமும் சொல்லக் கூடாது. என் மனைவிக்கு ஜோடி, கரியாலூரிலிருந்து தினமும் மலையிறங்கி வரும் ஒரு பெண். கொண்டுவரும் சாமைச் சோற்றில் இவளுக்குப் பாதி கொடுப்பாள்.

ஒருநாள் மேலாளர் கூப்பிட்டு, வேலை கம்மியாகிவிட்டது, அந்த ஜோடியில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றார். நான் யாருடையதை அதிகம் தள்ளுகிறேனோ அவர் போகட்டுமாம். திரையில் பெயர் வராது, ஒன்றாம் ஆள், இரண்டாம் ஆள் என்றுதான் வரும். அதனால் புருஷன் பார்த்தாலும் பாதகமில்லை என்று சிரித்தார்.

பெயர் வராவிட்டால் என்ன, பெண்டாட்டியைத் தெரியாதா? ஒன்றாம் ஆள் அவசரக்குடுக்கை. வாக்கியக் கடைசியில் வரும் இடத்தையும் நேரத்தையும் குறிக்காமலே விட்டுவிடும். இரண்டாம் ஆள் கடைசிச் சொல்வரை பொறுமையாகக் குறிக்கும். ஆனால் மழை, வெள்ளம், மண்சரிவு என்று எதைப் பார்த்தாலும் செய்தது அதுதான் என்று போட்டுவிடும். உயிரில்லாதது எதையும் செய்யாது, அது வெறும் காரணம் என்பது எங்கள் விதி. மண்சரிவை ஆளாக நினைப்பது மலையில் பிறந்தவள்தான் என்று முடிவுகட்டினேன். பாதியில் விடுவது என் மனைவி. வீட்டில் குழம்புக்கே உப்புப் போட மறந்துகொண்டிருந்தாளே.

அடுத்த மூன்று நாள் நான் மனுஷனாக இல்லை. இருவர் குறித்ததும் பாதி சரி, பாதி தப்பு. இடம் விட்டுப்போனதைப் போனால் போகிறது என்று மன்னித்தேன். மண்சரிவுக்கு மட்டும் விதியைத் தூக்கிப் பிடித்தேன். அந்தச் சாமைச் சோற்றில் நானும் ஒரு வாய் தின்றிருக்கிறேன். கடவுளே, இவள் மறுபடி படுத்துவிடக் கூடாது என்று முனகிக்கொண்டே, கடைசியில் வாக்கியத்தைக்கூடப் படிக்காமல் இரண்டாம் ஆளைத் தள்ளினேன்.

வெள்ளிக்கிழமை மேலாளர் நிறுத்தியது என் மனைவியை.

ஓடிப்போய்க் கேட்டேன். பட்டியலைத் திறந்து காட்டினார். ஒன்றாம் ஆள் மலைப் பெண். சாயங்கால பஸ்ஸை விட்டால் அவளுக்கு ஊர் போய்ச் சேர வழியில்லை. அதனால்தான் அந்த அவசரம். எல்லாவற்றையும் மறுபடி பார்த்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். கம்பெனிக்கு அனுப்பியாகிவிட்டது என்றார்.

வீட்டில் அவள் கூடத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளாகவே பேசினாள்.

"ஒரு வரி வந்துச்சிங்க. காய்ச்சல் கொழந்தயக் கொன்னுடுச்சின்னு. செஞ்சது காய்ச்சல்தான்னு போட்டேன். எவனோ தப்புன்னு தள்ளிட்டான். அப்ப செஞ்சது யாருங்க, நானா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தள்ளியது நான் என்பதை மறைத்துக்கொண்டு அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு வரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள். பிறகு, சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.