ஏஞ்சலம்மாளின் முழங்கை

சுறாவின் மூக்கைத் தன் நடுவிரல் நுனியில் பொருத்தி, உடலைக் கையோடு சேர்த்து நீட்டிப் பார்க்கிறார் ஏஞ்சலம்மாள். வால் முழங்கையைத் தாண்டவில்லை. விற்பவரின் கூடைக்கே திரும்புகிறது. அடுத்ததை எடுக்கிறார். "க்யா டெய்லர்பாயி, பிளவுஸ் சிலாயேகி க்யா?" என்று மும்பையின் பாவுச்சா தக்கா மீன்துறையில் கோலி மீனவப் பெண்கள் கேட்கிறார்கள். சுறாவுக்கு ரவிக்கை தைக்க அளவெடுக்கிறாராம். அவரும் சேர்ந்து சிரிப்பார். அளப்பதை மட்டும் விடமாட்டார்.

தாராவியில் எங்கள் சந்து முனையில் மீன் விற்கிறார். ஊர் இடிந்தகரைப் பக்கம். சுறாவைப் பற்றிக் கேட்டால் வியாபாரத்தை மறந்துவிடுவார். சுத்தியல் தலைக் கொம்பன், உடம்பெல்லாம் வரி போட்ட புலியன், பிள்ளை பெற்றவளுக்குப் புட்டாகும் பால்சுறா. "அம்மணி உளுவைன்னு ஒண்ணு, பஸ் நீளம் இருக்கும். ஆனா ஒருத்தரையும் கடிக்காது. எங்க மாமியாருக்கு நேர் எதிர்!"

ஒருமுறை பால்சுறா ஒன்றை அறுத்தபோது உள்ளே தொப்புள்கொடியோடு குட்டிகள் கிடந்தன. "மத்தி கணக்கா லட்சமாவா பெறுது? நம்மள மாதிரி ஒண்ணு ரெண்டுதான். அதையும் தொட்டில்லயே அள்ளிட்டு வந்தா கடல்ல என்ன மிஞ்சும்?" அன்று வந்தது இந்த முழங்கைச் சட்டம். "நான் விட்டா இன்னொருத்தி வாங்குவா. தெரியும். என் கூடையில வேண்டாம்."

சோதனை வீட்டுக்குள்ளேயே வந்தது. மகள் ஜெஸிக்குப் பையன் பிறந்தான். பிள்ளை பார்க்க வரும் சம்பந்திக்குப் பெண்வீட்டார் சுறாப்புட்டு வைப்பது அவர்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கோபர்கைரனேயிலிருந்து சம்பந்தி ஜோஸ்பின் வருகிறார். துறையிலோ எல்லாம் குட்டி. வெறுங்கையோடு திரும்பிய தாயைப் பார்த்து ஜெஸிக்கு அழுகை வந்துவிட்டது.

"மீன்காரி வீட்டுல சுறா இல்லன்னா அத்தை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாவம்மா. ஒண்ணே ஒண்ணு வாங்குனா என்ன?"

"ஒண்ணே ஒண்ணுன்னுதாம்டி எல்லாரும் வாங்குதாவ."

மறுபடி போய், ஒரு முழுச் சுர்மையோடு வந்தார், நம்மூர் வஞ்சிரம். துண்டு போட்டுப் பொரித்து, விருந்தில் ஆளுக்கொன்றாக வைக்கும் விலைகூடிய மீன். அதை அவித்து, உதிர்த்து, பூண்டும் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுக் கிளறினார். மணம் பிடித்து நானும் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஜோஸ்பின் ஒரு வாய் வைத்தார். மெல்வது நின்றது.

"மைனி, இது சுறா இல்லையே?"

ஜெஸி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்ல மைனி. சுர்மை. குட்டிச் சுறாதான் கெடந்துச்சு, நான் வாங்கல."

"சுர்மையவா உதுத்துப் போட்டிய? கிறுக்கா பிடிச்சிருக்கு ஒங்களுக்கு!" ஜோஸ்பின் தட்டைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். "நல்ல கிறுக்குதான். இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க. எம் மவனுக்கும் ஒரு டப்பால வச்சிருங்க."

ஜெஸிதான் முதலில் சிரித்தாள். சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. ஏஞ்சலம்மாள் கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பேரனை எடுத்தார். தலை உள்ளங்கையில், உடல் கையோடு நீளமாக. அவன் காலை நீட்டி உதைத்தான். குதிகால் முழங்கையைத் தாண்டியது. ஏஞ்சலம்மாள் முழங்கையைச் சற்றே உயர்த்தி, சம்பந்திக்குக் காட்டினார்.