ஆறடியில் வந்த பாறை

மண்ணைக் கவ்வியவன் தோற்றவன் என்பார்கள். இந்தப் பெரியவர் முப்பத்தெட்டு வருடம் மண்ணைக் கவ்வியே குடும்பத்தைக் கரையேற்றியவர். பாலமோ மாடிக் கட்டடமோ கட்டுவதற்கு முன் போர் போட்டு மண் எடுத்துப் பார்ப்பார்களே, அந்த வேலை. குழாயில் வரும் மண்ணை முன்பல்லில் வைப்பார். நறநறத்தால் வண்டல், வழுக்கினால் களி. எங்கள் ஊர் தாழ்ந்த நிலம். அடியில் களியும், களி இறுகிக் கல்லான களிப்பாறையும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன.

பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கம் விழுந்ததும் அவரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி என்னை அனுப்பியது. எனக்கே அறுபத்தேழு. புரட்டிப் படுக்கவைத்தால் அவருக்கு முன் எனக்கு மூச்சு வாங்கும்.

அந்தக் கோடையில் அவர் மகள் பின்பக்கம் வாங்கிய மனையில் வீடு கட்டத் தொடங்கினாள். குடியிருக்கும் வாடகை வீட்டுச் சுவர் இரண்டு முறை வெடித்தது போதாதா? சொந்த வீடும் வெடித்தால் இன்னொன்று கட்ட அவர்களுக்குத் தெம்பில்லை. மருமகன் அஸ்திவாரக் குழியிலிருந்து கையில் ஒரு கட்டியோடு வந்தார்.

"மாமா, ஆறடியிலேயே பாறை! கடப்பாறை தெறிக்குது. நாளைக்குக் கான்கிரீட் ஊத்திடலாம்."

பெரியவர் இடக்கையை நீட்டி, வாயைக் காட்டினார்.

"அதெல்லாம் முடியாது," என்றேன். "கஞ்சிக்கே புரையேறுது. இதுல மண்ணு வேறயா?"

"ராட்சசி," என்றார் குழறலாக.

"ஆமாய்யா. அதான் உசுரோட இருக்கீங்க."

அவர் சிரிக்கவில்லை. "தண்ணில... போடு. வெயில்ல... களியும் கல்லுதான்."

டம்ளர் நீரில் கட்டியைப் போட்டுவிட்டு, அவருக்கு முதுகு துடைத்து விரிப்பு மாற்றினேன். அரைமணி ஆயிற்று. அதற்குள் கட்டி செதில் செதிலாக உதிர்ந்து அடியில் கூழாகக் கிடந்தது.

மருமகன் முகம் செத்துப்போயிற்று. "மழை வந்தா, மாமா?"

"மண்ணு... உப்பும். சுவரு... வெடிக்கும்."

"இன்னும் எவ்ளோ தோண்டணும்?"

"கரையாதது... வர்ற வரைக்கும்."

"படுத்துக்கிட்டே வேலை வாங்குறாரே மனுஷன்!" என்று கொத்தனார் வெளியே புலம்பியது உள்ளே கேட்டது. ஒன்பதாம் அடிக் கட்டியும் கரைந்தது. பதினோராம் அடியில் எடுத்தது ஒரு பகலும் ஓர் இரவும் நீரில் கிடந்து, போட்டபடியே இருந்தது.

மகள் ஓடிவந்து சொன்னாள். "அப்பா, கரையலப்பா!"

"ஊத்தச் சொல்லு," என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கே வியர்த்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார். தலையணையை உயர்த்திவிட்டு மாத்திரையைப் பொடிக்க உட்கார்ந்தேன்.