மூளிக்காதியின் பால்

கிடா பால் கொடுக்காது. ஆனால் அதன் மகள்கள் எவ்வளவு கொடுக்கும் என்பதை அதன் தாயைப் பார்த்துச் சொல்லலாம். எண்பதுகளின் நடுவில் கால்நடைத் துறையில் நான் பார்த்த தற்காலிக வேலை இதை நம்பித்தான் நடந்தது. செல்லூரிலிருந்து முதல் பஸ் பிடித்து, ஒத்தக்கடைக்கு அப்பால் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டிருந்த செம்மறிகளிடம் போவேன். இரவெல்லாம் கூண்டில் பிரித்து வைத்த குட்டியை ஸ்பிரிங் தராசில் எடை பார்ப்பேன். தாயிடம் விட்டுக் குடித்ததும் மறுபடி பார்ப்பேன். கூடின எடைதான் தாயின் பால். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இப்படி. பால் அதிகமுள்ள தாயின் கிடாக்குட்டியை இனவிருத்திக்கு வைத்துக்கொள்வார்கள். மற்றவற்றுக்குக் காயடிப்பு.

காது அறுந்த ஓர் ஆட்டை மூளிக்காதி என்பார்கள். என் நோட்டில் அதற்குக் கடைசி இடம். துறை அதிகாரி காயடிக்க வந்த காலையில் அதன் குட்டியை நான் தூக்கியதும், கிடைக்காரரின் மனைவி தடுத்தார்.

"அம்புட்டு ஆட்டுலயும் இதுக்குத்தான் பால் சாஸ்தி. தாயில்லாத குட்டி ரெண்டும் இதுகிட்டத்தான் பொழைக்குது. நீ பஸ்ஸ விட்டு எறங்குறதுக்கு முந்தியே குடிச்சுப்புடும்."

"ஏக்கா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீ எங்க தாயி கேட்ட?"

வெட்கமாக இருந்தது. இரண்டு மாதமாக மிச்சப் பாலை அளந்துவிட்டு மொத்தப் பால் என்று எழுதியிருக்கிறேன். அதிகாரியிடம் சொன்னேன். அவர் நோட்டைத் தட்டிக் காட்டினார்.

"எழுதினது நீதானம்மா. குட்டியக் குடு."

"குடுக்க மாட்டேன் சார்."

குட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். இன்று ராத்திரி மற்ற இரண்டு குட்டிகளையும் அடைத்துவைத்து, நாளைக்கு எடை பார்ப்போம் என்றேன். ஒருநாள் எடையை நம்ப முடியாது என்றார் அவர்.

"நாலு நாள் எடைய வச்சுத்தான சார் எல்லாத்துக்கும் காயடிக்கிறீங்க?"

எனக்கு மூன்று மாதத்துக்கொருமுறை வேலை ஆர்டர் அவர் கையெழுத்தில்தான் வரும். தெரிந்துதான் கேட்டேன்.

ஒருநாள் பொறுக்க ஒப்புக்கொண்டார். மறுநாள் குட்டி வயிறு முட்டக் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாயின் மடியில் மிச்சமிருந்ததைக் கறந்தால் ஒரு டம்ளர் நிறைந்தது. பழைய எடைகளை நானே அடித்து, 'அளந்தவள் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நோட்டை நீட்டினேன். அதிகாரி காயடிக்கும் இடுக்கியைப் பெட்டிக்குள் வைத்தார்.

அடுத்த ஆர்டர் எனக்கு வரவில்லை. நான் போய்க் கேட்கவும் இல்லை.

நாலு வருஷம் கழித்து மேலூர் பஸ்ஸில் கிடைக்காரரின் மனைவியைப் பார்த்தேன். இரண்டு சீட் தள்ளியிருந்தே சத்தம் போட்டார்.

"தாயி, அந்தக் கெடாவோட மகளுக இப்பக் குட்டி போட்டுருக்கு. ஒவ்வொண்ணும் தன் குட்டியும் போக இன்னொண்ணையும் வளக்குதுக!"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.